நம்பர் ஒன் யார்னு யார் சொல்றது?

1959 ஜனவரியில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்து ‘எழுத்து’ என்று ஒரு மாதப் பத்திரிகை வந்தது. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிக்க மாட்டோம், கடைகளில் தொங்கவிட மாட்டோம், வேண்டுமென்றால் சந்தா கட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். பத்திரிகைத் தொழிலில் இருக்கிறவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அந்த இரண்டாயிரத்தைத் தொடுகிற அளவுக்கு வாசகர்கள் வந்து நெருக்கவும் இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் தமிழ்ப் புதுக்கவிதை காலூன்றிய இடம் அதுதான். ந. பிச்சமூர்த்தி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, பின்னாளில் பிரமிள் என்று அறியப்பட்ட தருமு சிவராமு, விமர்சனத்தில் வெங்கட் சாமிநாதன் என்று எல்லோரும் அதில்தான் எழுதினார்கள். 1970 வரை தம்கட்டி நடந்து நின்றுபோனது.

அதன் ஆசிரியர் சி.சு. செல்லப்பா, வத்தலக்குண்டுக்காரர்.

எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் கைதட்டினார்கள் என்ற கணக்கை வைத்து 1960-களில் யாராவது தமிழ்ப் பத்திரிகைகளை வரிசைப்படுத்தியிருந்தால் ‘எழுத்து’ கடைசி இடத்துக்குக்கூடத் தேறியிருக்காது. இன்றைக்கு அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத உட்காருகிறவர் அந்தப் பத்திரிகையைத் தாண்டிப் போக முடியாது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி உண்மையாக இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறோம். எழுத்துக்கு நம்பர் போடுகிற வேலையைக் கடந்த இருபது ஆண்டுகளில் மனிதர்களிடமிருந்து இயந்திரங்கள் வாங்கிக்கொண்டன. வாங்கிய பிறகு நியாயம் கூடியதா, குறைந்ததா?

கொடைக்கானலுக்கு ஏறுகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிற ஊராகத்தான் பலருக்கு வத்தலக்குண்டைத் தெரியும். நிலக்கோட்டை தாலுகாவில் ஒரு பேரூராட்சி. அந்தச் சின்ன ஊர் தமிழுக்குக் கொடுத்த ஆட்களின் பட்டியலைப் பார்த்தால் மூக்கில் விரல் வைக்கலாம். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திர’த்தை எழுதிய பி.ஆர். ராஜமய்யர் 1872-ல் இங்கே பிறந்தார். ‘விவேக சிந்தாமணி’யில் அதைத் தொடராக எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. ‘பிரபுத்த பாரதா’ ஆங்கில இதழுக்கு முதல் ஆசிரியராக இருந்து, 1898-ல் இருபத்தாறு வயதில் காலமாகிவிட்டார். ‘ஞானபாநு’ நடத்திய சுப்பிரமணிய சிவா 1884-ல் பிறந்ததும் இங்கேதான். ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக மாற்றி நடத்திய பி.எஸ். ராமையாவின் இனிஷியலில் இருக்கிற ‘பி’, வெள்ளைக்காரன் வாயில் பட்லகுண்டு ஆகிப்போன இதே வத்தலக்குண்டு.

ராமையாவுக்கு சாகித்திய அகாதெமி விருது 1982-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அடுத்த ஆண்டே இறந்துபோனார். செல்லப்பாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1998-ல் அவர் கண்மூடிய பிறகு, 2001-ல் ‘சுதந்திர தாகம்’ நாவலுக்கு விருது அறிவித்தார்கள். குழு போட்டு, கூட்டம் நடத்தி, நிதானமாக யோசித்து மனிதர்கள் போட்ட வரிசையின் லட்சணம் இது. ஆகவே பழைய முறை பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.

த.ம. 7

2004-ல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். யுனிகோடும் ப்ளாக்கரும் கையில் கிடைத்து, தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் மளமளவென்று பெருகிய நேரம் அது. கோயம்புத்தூரிலும் கொழும்பிலும் டொரொண்டோவிலும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்களின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டியது தமிழ்மணம். ஆசிரியர் இல்லை, திருப்பி அனுப்புவார் இல்லை, எழுதினால் அடுத்த நிமிடம் வாசகர் முன்னால். அந்த நாட்களின் உற்சாகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பதிவுகள் வந்து விழத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. முகப்பில் எது நிற்பது? ஆசிரியர் வேண்டாம் என்று வந்தவர்களிடம் ஒரு ஆசிரியரைக் கொண்டுவந்து உட்காரவைக்க முடியுமா? வாசகர்களே ஓட்டுப் போடட்டும் என்றார்கள். பதிவின் அடியில் ஓட்டுப் பட்டை வந்தது. அதில் கட்டைவிரல் மேலே ஒன்று, கீழே ஒன்று. குறிப்பிட்ட எண்ணிக்கை ஓட்டு விழுந்தால் பதிவு ‘வாசகர் பரிந்துரை’க்குப் போகும். அதிகம் சொடுக்கப்பட்டவை ‘சூடான இடுகைகள்’ ஆகும். பிறகு வாரந்தோறும் முதல் இருபது வலைப்பதிவுகள் என்று ஒரு பட்டியல், தமிழ்மணம் தரவரிசை எண் என்று பக்கத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு. இதற்கிடையில் தமிழிஷ் வந்து இன்ட்லி ஆனது. தமிழ்10, உலவு, திரட்டி என்று ஆளுக்கொரு பட்டை கொடுத்தார்கள். 2010 வாக்கில் ஒரு சராசரிப் பதிவரின் பக்கத்தைத் திறந்தால் கட்டுரையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடது பக்கம் இன்ட்லி பொத்தான், வலது பக்கம் அலெக்சா பெட்டி, அதன் கீழே பின்தொடர்கிறவர்களின் முகங்கள், இந்த நிமிடம் எந்த ஊரிலிருந்து யார் பார்க்கிறார்கள் என்று ஓடுகிற பட்டியல், கடைசியில் ஒரு கவுண்டர்.

பின்னூட்டங்களைப் படித்தால் இன்னும் வேடிக்கை. ‘அருமை நண்பரே, த.ம. 3’ என்று இருக்கும். தமிழ்மணத்தில் மூன்றாவது ஓட்டை நான் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். கீழே ‘த.ம. 4’, ‘த.ம. 5’ என்று வரிசையாக வந்து, பரிந்துரைக்குத் தேவையான ஏழில் போய் ஒரு பெருமூச்சு விடுவார்கள். த.ம. 1 பெரும்பாலும் எழுதியவரே போட்டுக்கொண்டது. கட்டுரை எதைப் பற்றி என்று அந்தப் பின்னூட்டங்களிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எனக்கு நீ போட்டாய், உனக்கு நான் போடுகிறேன் என்பதற்குப் பதிவுலகம் வைத்த பெயர் மொய். கல்யாண வீட்டு நோட்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்துத் திருப்பிச் செய்கிற அதே நியாயம்தான். திருப்பிச் செய்யாவிட்டால் வருத்தம். சண்டை வந்துவிட்டால் மைனஸ் ஓட்டு. வேறு வேறு பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு கள்ள ஓட்டு. ‘பிரபல பதிவர்’ என்ற சொல்லே கொஞ்ச நாளில் கிண்டலாகிவிட்டது.

தமிழ்மணத்தை நடத்தியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காசு பார்க்காமல், தன்னார்வத்தில், திட்டு வாங்கிக்கொண்டு நடத்தினார்கள். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஓட்டுப் போடுகிறவர் யார் என்று பாருங்கள். வெறுமனே படிக்கிறவர் படித்துவிட்டுப் போய்விடுவார். பட்டையைத் தேடி அழுத்தியவர்களில் பெரும்பாலோர் மற்ற பதிவர்கள். எழுதுகிறவர்களே எழுதுகிறவர்களுக்குப் போட்ட ஓட்டை வாசகர் தீர்ப்பு என்று பெயர் சூட்டி முகப்பில் வைத்தார்கள். அந்த வரிசை அளந்தது நட்பு வட்டத்தின் நீளத்தை. அதைத் துல்லியமாகவே அளந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அதோடு, வாரக் கணக்கு வைத்தால் வாரம் ஏழு பதிவு போடுகிறவர்தான் மேலே வருவார். மௌனி தன் வாழ்நாளில் எழுதியதே இருபத்து நான்கு கதைகள். அவரை எழுதத் தூண்டி, மௌனி என்று பெயரும் வைத்து, ‘மணிக்கொடி’யில் போட்டவர் நம் ராமையா. ஓட்டுப் பட்டைக் காலத்தில் மௌனி எழுதவந்திருந்தால் எந்த வாரத்துப் பட்டியலில் தேடுவது?

அலெக்சா என்ற பெரிய தராசு

உள்ளூர்த் தராசு சரியில்லை என்றவர்கள் உலகத் தராசுக்குப் போனார்கள். 1996-ல் தொடங்கப்பட்டு 1999-ல் அமேசான் கைக்குப் போன அலெக்சா, உலகத்து இணையதளங்கள் அத்தனைக்கும் ஒரு எண் கொடுத்தது. என் பிளாக் ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டது, மூன்று லட்சத்துக்குள் வந்துவிட்டது என்று பதிவர்கள் விழா எடுத்தார்கள். விளம்பரம் கொடுக்கிறவர்களும் அந்த எண்ணைத்தான் கேட்டார்கள்.

அது எப்படிக் கணக்கிடப்பட்டது தெரியுமா? அலெக்சாவின் டூல்பாரைத் தங்கள் உலாவியில் நிறுவிக்கொண்டவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்பதுதான் பல ஆண்டுகளுக்கு அதன் அடிப்படை. ஈரோட்டில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிக்கிற வாசகர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். ஆனால் பதிவர் தன் கணினியில் டூல்பாரைப் போட்டுக்கொண்டு தன் பக்கத்தைத் தானே நாலு முறை திறந்தால் எண் நகரும். நண்பர்கள் பத்துப் பேரைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் நன்றாகவே நகரும். முதல் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள எண்களை நம்ப வேண்டாம் என்று அலெக்சாவே எழுதிவைத்திருந்தது. நம் பதிவர்கள் அனைவரும் ஏறக்குறைய அந்த ஒரு லட்சத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள், எண் பெரிய எழுத்தில் இருக்கும்போது? 2022 மே 1-ந் தேதியோடு அமேசான் அந்தக் கடையை மூடிவிட்டது.

சரி, கள்ள ஓட்டே இல்லை, மொய்யே இல்லை, எல்லோரும் யோக்கியர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது வரிசை நம்பத்தக்கதாக இருக்குமா?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று பேர் நடத்திய ஆய்வு 2006-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. யாருக்கும் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாட்டுகளை ஒரு தளத்தில் வைத்து 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கச் சொன்னார்கள். பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம். ஒரு கூட்டத்துக்கு வெறும் பாட்டுப் பெயர் மட்டும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எட்டு உலகமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. எட்டிலும் ஒரே பாட்டுகள், ஒரே மாதிரி ஆட்கள். ஆனால் ஒவ்வொரு உலகத்திலும் வேறு பாட்டு முன்னுக்கு வந்தது. ‘52மெட்ரோ’ என்ற குழுவின் ஒரு பாட்டு, எண் காட்டாத கூட்டத்தில் நடுவாந்தரமாக 26-ஆம் இடம். எண் காட்டிய ஓர் உலகத்தில் அதே பாட்டு முதலிடம். இன்னோர் உலகத்தில் 40-ஆம் இடம்! பாட்டுகளைத் தாறுமாறாக வைக்காமல் தரவரிசைப்படி மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டியபோது இந்தக் கூத்து இன்னும் அதிகமானது. மிக நல்ல பாட்டு அநேகமாக அடியில் போகவில்லை, மிக மோசமானது அநேகமாக மேலே வரவில்லை. நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்துக்கு எதுவும் நடக்கலாம் என்று ஆனது.

2013-ல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு த.ம. 1 ரகசியத்தையே உடைத்துவிட்டது. ஒரு செய்தித்தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு மட்டும் ஆய்வாளர்களே கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிளஸ் ஓட்டுப் போட்டார்கள். அடுத்து வந்தவர் பிளஸ் போடுகிற வாய்ப்பு அதனாலேயே 32 சதவீதம் கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. மைனஸ் போட்டுப் பார்த்தபோது பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். அநியாயமாகத் திட்டினால் நம் ஆட்கள் பொறுக்க மாட்டார்கள், அநியாயமாகப் புகழ்ந்தால் கூடவே சேர்ந்து பாடுவார்கள். தனக்குத்தானே முதல் ஓட்டுப் போட்டுக்கொண்ட பதிவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான்.

ஊர்ப்பாசமா, விமர்சனமா?

இப்போது வத்தலக்குண்டுக்காரர் இருவருக்கிடையே நடந்த ஒரு மொய்க் கணக்கைப் பார்க்கலாம்.

செல்லப்பா ‘ராமையாவின் சிறுகதைப் பாணி’ என்று ஒரு தனி நூலே எழுதினார். ராமையா எழுதிய நூற்றுக்கணக்கான கதைகளை எடுத்துவைத்துக்கொண்டு, தமிழ்ச் சிறுகதையில் அவருக்கு உயர்ந்த இடம் உண்டு என்று வாதாடியிருக்கிறார். ஒரே ஊர், பழைய சிநேகம், மணிக்கொடிக் காலத்து உறவு. ஓட்டுப் பட்டைக் காலத்துக் கண்ணால் பார்த்தால் இதைவிட அப்பட்டமான மொய் இருக்க முடியாது. பிற்காலத்து வாசகர்கள் ராமையாவைப் புதுமைப்பித்தன், கு.ப.ரா., மௌனி இருக்கிற வரிசையில் வைக்கவும் இல்லை. செல்லப்பாவின் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த நூலை மொய் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏனென்றால் செல்லப்பா தன் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். எந்தக் கதை, அதில் எந்த இடம், எதனால் அது தனக்கு முக்கியமாகப் படுகிறது என்று காரணத்தைப் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார். ராமையாவின் கதையையும் செல்லப்பாவின் வாதத்தையும் அருகருகே வைத்து, ‘ஓய், இந்தக் கதையில் நீர் சொல்கிற சங்கதி இல்லையே’ என்று எந்த வாசகரும் கேட்கலாம். கேட்டுத்தான் பின்னால் வந்தவர்கள் வேறு முடிவுக்குப் போனார்கள். விமர்சகர் க.நா.சு.வும் எது நல்ல எழுத்து என்று விடாமல் பட்டியல் போட்டார். ஒவ்வொன்றுக்கும் வசவு வாங்கினார். பதிலுக்கு வேறு பட்டியல்கள் வந்தன. ஜெயமோகனும் எஸ். ராமகிருஷ்ணனும் போட்ட பட்டியல்களுக்கும் அதே கதைதான். விடுபட்டவர்கள் கொதித்தார்கள், விடுபட்டவர்களின் வாசகர்கள் இன்னும் அதிகமாகக் கொதித்தார்கள். நல்லதுதானே? அந்தச் சண்டைகளில் புத்தகங்கள் படிக்கப்பட்டன.

தரவரிசை 14 என்ற எண்ணிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? ஏன் 14 என்று கேட்டால் அல்காரிதம் என்பார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்றால் சொல்ல மாட்டோம், சொன்னால் ஏமாற்றுவார்கள் என்பார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாரபட்சம் உள்ள மனிதனைவிட இந்த எண் நேர்மையானது என்று மட்டும் சொல்லாதீர்கள். செல்லப்பாவின் பாரபட்சம் அச்சில் இருக்கிறது. எண்ணின் பாரபட்சம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

இந்தக் கேள்வி எழுத்தோடு நிற்பதும் இல்லை. 2016 முதல் மத்திய அரசு வெளியிடுகிற கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரிகள் தங்களைப் பற்றித் தாங்களே கொடுக்கிற தகவல்தான் அதற்குப் பெருமளவில் மூலதனம். அதைச் சரிபார்க்காமல் வரிசை போடலாமா என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு வந்து, 2025 மார்ச்சில் பட்டியலை வெளியிட இடைக்காலத் தடையே விதித்தார்கள். பிறகு வழக்கு தள்ளுபடியாகி, செப்டம்பரில் பட்டியல் வந்தது. மறுநாளே பஸ்ஸின் முதுகில் ரேங்க் ஒட்டுகிற வேலை தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டு அரசு ஒரே ஒரு வரிசையை மட்டும் துணிந்து ரத்து செய்தது. 2017-ல் செங்கோட்டையன் பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தபோது, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். அம்மா லட்டு ஊட்டுகிற அந்தப் படம் அத்தோடு முதல் பக்கத்திலிருந்து போனது. 1190-க்கும் 1189-க்கும் நடுவில் உள்ள ஒரு மதிப்பெண் எந்த விடைத்தாள் திருத்துநரின் கையில் எந்த நேரத்தில் விழுந்தது என்று யோசித்துப் பார்த்தால், போனது நல்லதற்கே. தனியார் பள்ளி வாசல் பிளக்ஸ்களில் அது வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்ரோடு ஏறும் முன்

மதுரையிலிருந்து நிலக்கோட்டை வழியாகவோ, திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகவோ கார்கள் வத்தலக்குண்டுக்கு வந்து சேருகிற நேரம் பசிக்கிற நேரம். மலை ஏறும் முன் எங்கே சாப்பிடுவது என்று முன் சீட்டில் இருக்கிறவர் கைபேசியில் நட்சத்திரங்களைத் தடவிப் பார்க்கிறார். தமிழ்மணம் ஓய்ந்துவிட்டது, அலெக்சா மூடியாகிவிட்டது. ஓட்டுப் பட்டை மட்டும் ஹோட்டல் கல்லாவுக்கு இடம் மாறியிருக்கிறது. பில் மேசையில் சோம்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கியூஆர் அட்டை நிற்கும். ‘சார், அப்படியே ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டு விட்ருங்க.’

ஆறு பேர் ஐந்து நட்சத்திரம் போட்ட கடைக்கு சராசரி 5.0. ஆயிரத்து நானூறு பேர் போட்ட கடைக்கு 4.2. பட்டியலில் முதல் கடை மேலே நிற்பதுபோல் தோன்றும். அடுத்து வருகிற ஒருவர் ஒற்றை நட்சத்திரம் குத்தினால் அது 4.4-க்கு விழும். இரண்டாவது கடையில் அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் ஒன்றும் அசையாது. சராசரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருக்கிற எண்ணிக்கைதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது இதனால்தான். சினிமாவுக்கு வரிசை போடுகிற ஐ.எம்.டி.பி. இதைப் புரிந்துகொண்டு, 25,000 ஓட்டாவது விழாத படத்தைத் தன் முதல் 250-ல் சேர்ப்பதில்லை. அதற்கு மேலும் எளிய சராசரியை அப்படியே காட்டாமல் நிறுத்துப் பார்த்துத்தான் போடுகிறது. பேரூராட்சியில் உள்ள பரோட்டா கடைக்கு 25,000 ஓட்டுக்கு எங்கே போவது?

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த நட்சத்திரங்களைப் போடுகிறவர்கள் கொடைக்கானல் போகிறவர்களும் இறங்குகிறவர்களும்தான். வாழ்நாளில் ஒரு முறை, அவசரத்தில், குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது சாப்பிட்டவர்கள். பார்க்கிங் இல்லை என்று ஒரு நட்சத்திரம் குறைப்பார்கள், கழிப்பறை சுத்தம் என்று ஒன்று கூட்டுவார்கள். பூ மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்புகிற விவசாயி, தினம் காலை அதே பெஞ்சில் இட்லி சாப்பிடுகிறவர், எந்தக் கடையில் சாம்பார் என்றைக்கு நீர்த்தது என்று தேதியோடு சொல்லக்கூடியவர். அவர் எந்த நட்சத்திரமும் போட்டதில்லை. கேட்டால் வாயால் சொல்வார். ஊரின் கடைகளுக்கு ஊர்க்காரர்கள் போடாத வரிசை ஒன்று கைபேசியில் இருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்துத்தான் வண்டிகள் நிற்கின்றன. கடைக்காரர்கள் கார் நிறுத்த இடம் தேடுகிறார்கள், பெஞ்சை எடுத்துவிட்டு ஏசி போடுகிறார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022 நவம்பரில் ஒரு தர நிர்ணயம் கொண்டுவந்தது. ஐ.எஸ். 19000 என்று அதற்குப் பெயர். மதிப்புரை எழுதியவர் நிஜ ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு கொடுத்து எழுதவைத்ததை வெளியிடக்கூடாது, பாதகமானதை மறைக்கக்கூடாது என்றெல்லாம் நல்ல நல்ல விதிகள் அதில் உண்டு. கொண்டுவந்தபோது அதை விருப்பப்பட்டவர்கள் பின்பற்றினால் போதும் என்றார்கள். கியூஆர் அட்டையைக் காட்டி ஃபைவ் ஸ்டார் கேட்கிற தம்பிக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எதிர்க்கடைக்காரர் நேற்றே அட்டை வைத்துவிட்டார்.